லாபம் இருக்கிறது, காசு இல்லை: கம்பெனி நிதி நிர்வாகத்தை அடிப்படையிலிருந்து கற்பது எப்படி

சென்னை மணலிக்குப் பக்கத்தில் விச்சூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு செப்டம்பரில் ஆடிட் முடிந்து பேலன்ஸ் ஷீட் கையெழுத்தாகி வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, ஆடிட்டர் 22 லட்சம் லாபம்னு போட்டிருக்காரு. அப்புறம் ஏன் அந்த வருஷம் சம்பளம் போட வீட்டு நகைய அடகு வச்சேன்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. டேலி கணக்கு மென்பொருளில் என்ட்ரி போடுவேன், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவேன். இந்தக் கேள்விக்கு மட்டும் முழித்தேன்.

பதில் தேடி ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில் 38,000 ரூபாய் கட்டினேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்றார்கள், வெறும் ஸ்லைடுதான் காட்டினார்கள். நான்காவது வாரம் நிறுத்திவிட்டேன், பணம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு நானாகவே நான்கு மாதத்தில், 3,000 ரூபாய்க்குள் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், பர்ச்சேஸ் என்று எதில் இருந்தாலும் உங்களுக்கு இது போதும். பட்டம் வாங்கும் வழி கேட்பவர்களுக்கு இது ஆகாது.

1. முதல் மாதம் யாருக்கும் ஃபீஸ் கட்டாதீர்கள்

எந்தக் கோர்ஸ் என்று தேடுவதற்கு முன்னால் கையில் நான்கு பொருள் வேண்டும். ஒன்று, உங்கள் கம்பெனியின் மூன்று வருட ஆடிட் செய்த கணக்கு. அது கிடைக்காவிட்டால் பரவாயில்லை, நான்காவது படியில் வேறு வழி சொல்கிறேன். இரண்டு, கம்ப்யூட்டரில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட். எக்செல் வாங்க வேண்டாம், லிப்ரே ஆஃபிஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் இலவசம். மூன்று, ஒரு நீள நோட்டு. நான்கு, பழைய பாடப் புத்தகம் ஒன்று.

புத்தகத்துக்கு சென்ட்ரலில் இறங்கி அல்லிக்குளம் வளாகத்தில் இருக்கும் மூர் மார்க்கெட் கடைகளுக்குப் போங்கள். எனக்கு 250 ரூபாய்க்குக் கிடைத்தது. கடைக்கார அண்ணன் 400 சொன்னார். பின் அட்டை கிழிந்திருந்ததைக் காட்டிக் குறைத்தேன். வாங்கும்முன் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். 2013 கம்பெனிச் சட்டத்துக்கு முந்தைய புத்தகம் என்றால் அதில் இருக்கும் பேலன்ஸ் ஷீட் வடிவமே பெரும்பாலும் வேறாக இருக்கும். நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்றுதான், ஒரு வாரம் வீணாகக் குழம்பினேன். ஆனால் அதைத் தூக்கிப் போடவில்லை. பின்னால் வரப்போகும் பணம் இன்றைக்கு எவ்வளவு பெறும் என்று காட்டும் நிகழ்கால மதிப்பு அட்டவணை கடைசிப் பக்கங்களில் இருக்கும், அதற்கு வயதே ஆவதில்லை.

டேலி தெரியாதவர்கள் அதன் எஜுகேஷன் மோடை இலவசமாக இறக்கிப் பழகலாம். மாதத்தின் 1, 2 மற்றும் கடைசித் தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட விடும். கற்றுக்கொள்ள அது போதும்.

2. லாபத்திலிருந்து காசுக்கு இறங்குங்கள்

எல்லாப் புத்தகமும் நிதி நிர்வாகத்தின் நோக்கம், வரைவிலக்கணம் என்று தொடங்கும். அதைத் தாண்டி, காசு எங்கிருந்து வந்து எங்கே போனது என்று காட்டும் ரொக்க ஓட்ட அறிக்கைக்கு நேராகப் போங்கள். முதலாளியின் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருந்தது. எங்கள் கணக்கை எளிமையாக்கித் தருகிறேன், நோட்டில் நீங்களும் போட்டுப் பாருங்கள்.

வரிக்குப் பின் லாபம் 22 லட்சம். இதில் தேய்மானம் 6 லட்சத்தைக் கூட்ட வேண்டும், ஏனென்றால் அது ஏட்டில் எழுதிய செலவு, யார் கைக்கும் போகவில்லை. ஆக 28 லட்சம். அந்த வருடம் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கி 49 லட்சத்திலிருந்து 75 லட்சமாக ஏறியது. 26 லட்சம் வெளியே மாட்டிக்கொண்டது, கழியுங்கள். சரக்கு இருப்பு 18-லிருந்து 24 லட்சம். இன்னும் 6 கழியுங்கள். பிளேட், சேனல் சப்ளை செய்பவர்களுக்கு நாம் தர வேண்டியது 11-லிருந்து 16 லட்சமானது. அது நமக்குக் கிடைத்த கடன், 5 கூட்டுங்கள்.

மிச்சம் 1 லட்சம். 22 லட்சம் லாபம் காட்டிய கம்பெனியின் தொழில் அந்த வருடம் கொண்டுவந்த காசு அவ்வளவுதான். மெஷின் கடனுக்கு அசல் மட்டும் 7 லட்சம் கட்டியிருந்தோம். 6 லட்சம் துண்டு விழுந்த இடத்தில்தான் நகை போனது.

இந்த ஒரு பக்கத்தை உங்கள் கம்பெனிக்குப் போட்டு முடித்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்த மாதிரி. இதற்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள், அவசரப்படாதீர்கள்.

3. காசு எத்தனை நாள் வெளியே சுற்றுகிறது?

அன்றாடத் தொழிலில் மாட்டியிருக்கும் காசை நடைமுறை மூலதனம் என்று புத்தகம் சொல்லும், ஆபீசில் எல்லோரும் ஒர்க்கிங் கேப்பிட்டல் என்போம். மூன்று வகுத்தல் கணக்குதான்.

எங்கள் ஆண்டு விற்பனை 3 கோடியே 65 லட்சம், அதாவது நாளுக்கு ஒரு லட்சம். வரவேண்டிய பாக்கி 75 லட்சம் என்றால் 75 நாள் விற்பனை வெளியே நிற்கிறது. விற்ற சரக்கின் அடக்கச் செலவு 2 கோடியே 92 லட்சம், நாளுக்கு 80,000. இருப்பு 24 லட்சம் என்றால் 30 நாள். தர வேண்டியது 16 லட்சம், 20 நாள். 75-ம் 30-ம் கூட்டி 20-ஐக் கழித்தால் 85 நாள். இரும்புக்கு இன்றைக்குக் கொடுக்கும் காசு 85 நாள் கழித்துத்தான் வீடு திரும்பும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, இருப்பையும் விற்பனையால் வகுப்பது. விற்பனையில் லாபமும் சேர்ந்திருக்கிறது, இருப்பில் இல்லை. பாக்கியை விற்பனையோடும் இருப்பை அடக்கத்தோடும்தான் வகுக்க வேண்டும். அந்தப் பயிற்சி வகுப்பில் இதைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வரவேண்டிய பாக்கியை 75-லிருந்து 60 நாளுக்கு இறக்கினால் 15 லட்சம் கையில் வரும். 11 சதவீத வட்டிக்கு வங்கியில் எடுத்திருந்தால் வருடத்துக்கு 1,65,000 மிச்சம். புது ஆர்டர் ஒன்றுகூட வேண்டியதில்லை.

பாக்கியை எப்படி இறக்குவது? உங்கள் கம்பெனி மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் சட்டம் உங்கள் பக்கம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் வாங்கியவர் பணம் தர வேண்டும். அந்தக் கெடுவைத் தாண்டி மார்ச் 31 வரையும் தராமல் வைத்திருந்தால் அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் அவர் கழிக்க முடியாது, பணம் தரும் வருடத்தில்தான் கழிக்கலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. எல்லா இன்வாய்சிலும் உத்யம் எண்ணை அச்சடித்த பிறகு மார்ச் மாதத்தில் எங்களுக்கு வரும் போன்களின் தொனியே மாறிவிட்டது. முன்பு நாங்கள் கூப்பிடுவோம், இப்போது அவர்களே "எவ்வளவு பெண்டிங் மேடம்?" என்று கூப்பிடுகிறார்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. 1,500, 2,000 என்று கேட்கும் ஏஜென்ட் யாரானாலும் கும்பிடு போட்டு அனுப்புங்கள்.

4. மொட்டை மாடியிலிருந்து தெரியும் கம்பெனிகளின் ஆண்டறிக்கையைப் படியுங்கள்

வடசென்னைக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி. நாம் தினமும் பார்க்கும் புகைபோக்கிகளில் பல, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுடையவை. மணலியில் சென்னை பெட்ரோலியம், மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், மணலி பெட்ரோகெமிக்கல்ஸ், தமிழ்நாடு பெட்ரோப்ராடக்ட்ஸ். திருவொற்றியூரில் எம்ஆர்எஃப். எண்ணூரில் அசோக் லேலண்ட். எல்லோருடைய ஆண்டறிக்கையும் அவரவர் இணையதளத்திலும் பங்குச் சந்தைத் தளங்களிலும் இலவசம்.

நிதியாண்டு மார்ச் 31-ல் முடியும். ஆண்டு முடிவுகள் 60 நாளில், அதாவது மே கடைசிக்குள் வரும். முழு அறிக்கை ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பாக, பெரும்பாலும் ஜூலை முதல் செப்டம்பருக்குள் வரும். அதனால் ஜூன், ஜூலையில் தொடங்கினால் புது அறிக்கை சூடாகக் கையில் கிடைக்கும்.

300 பக்கத்தையும் படிக்காதீர்கள். தலைவர் உரை, வண்ணப் படங்கள், விருதுகள் எல்லாம் தாண்டிப் போங்கள். நான் படிக்கும் வரிசை: முதலில் ஆடிட்டர் அறிக்கை, அடுத்து ரொக்க ஓட்டம், பிறகு பேலன்ஸ் ஷீட், கடைசியில் குறிப்புகள். உண்மையான பாடம் குறிப்புகளில்தான். 2021-22 முதல் ஒவ்வொரு கம்பெனியும் 11 விகிதங்களைத் தானே கணக்கிட்டுப் போட வேண்டும் என்று விதி வந்தது. நடப்பு விகிதம் (ஒரு வருடத்துக்குள் காசாகும் சொத்தை ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய கடனால் வகுத்தது), கடன்-பங்கு விகிதம், இருப்புச் சுழற்சி எல்லாம் அதில் இருக்கும். முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணமும் எழுத வேண்டும். நீங்கள் போட்ட விகிதத்தை அவர்கள் போட்டதோடு ஒத்துப்பாருங்கள். இதைவிட நல்ல வாத்தியார் இல்லை. வரவேண்டிய பாக்கி எத்தனை மாதம் பழையது என்ற அட்டவணையும் அங்கேயே கிடைக்கும்.

எதை யாரிடம் கற்பது? சென்னை பெட்ரோலியத்தில் கச்சா எண்ணெய் விலை ஏறி இறங்கும்போது இருப்பின் மதிப்பும் லாபமும் எப்படி ஆடுகின்றன என்று பாருங்கள். மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் யூரியா விற்கிறது. வருமானத்தில் பெரும்பகுதி மத்திய அரசு மானியம். பாக்கி தர வேண்டியது அரசாங்கமே என்றால் ஒர்க்கிங் கேப்பிட்டல் என்ன ஆகும் என்று அங்கே தெரியும்.

எம்ஆர்எஃப் வேறு பாடம். அதன் ஒரு பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. உடனே "அடேங்கப்பா, இதுதான் நாட்டிலேயே பெரிய கம்பெனி போல" என்று சொல்பவர்களை டீக்கடையிலேயே பார்த்திருக்கிறேன். மொத்தம் சுமார் 42.4 லட்சம் பங்குகள்தான், முகமதிப்பு 10 ரூபாய், செலுத்திய மூலதனம் 4.24 கோடி. பங்குகள் குறைவு, அதனால் ஒன்றின் விலை பெரிசு. கம்பெனியின் அளவு தெரிய விலையைப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்.

மூன்று பொறிகள் உண்டு. தனிக் கணக்கு, துணை நிறுவனங்களையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கு என்று இரண்டு தொகுப்பு இருக்கும். அசோக் லேலண்டின் ஒருங்கிணைந்த கணக்கில் அதன் ஃபைனான்ஸ் கம்பெனியும் சேர்வதால் கடன் மலைபோல் தெரியும். லாரி செய்யும் தொழிலை மட்டும் பார்க்க தனிக் கணக்கை எடுங்கள். நான் இரண்டையும் கலந்து மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அடுத்து, சிலர் கோடியில் எழுதுவார்கள், சிலர் லட்சத்தில். பக்கத்தின் மேல் மூலையைப் பார்க்காமல் ஒப்பிடாதீர்கள். மூன்றாவது, ஒரே ஒரு வருடத்தை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

பட்டியலிடாத பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கணக்கு வேண்டுமா? கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் கணக்கு தொடங்கி, ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்டினால் அவர்கள் தாக்கல் செய்த நிதி அறிக்கையைப் பார்க்கலாம். கடன் கேட்கும் புது வாடிக்கையாளரைப் பற்றி விசாரிக்க இப்போது முதலில் இதைத்தான் செய்கிறேன். பார்க்க நேர வரம்பு உண்டு, அதனால் பணம் கட்டுவதற்கு முன் உட்கார இடமும் நல்ல இணைப்பும் இருக்கட்டும்.

5. சீட்டுக் கணக்கு தெரிந்தால் நிகழ்கால மதிப்பும் தெரியும்

பணத்தின் கால மதிப்பு என்றதும் பயந்தவள் நான். ஏலச்சீட்டு கட்டிய நம் வீட்டு அம்மாக்கள் எல்லோருக்கும் இது தெரியும். லட்ச ரூபாய்ச் சீட்டை முதல் மாதமே 25,000 தள்ளி 75,000-க்கு எடுப்பவர், பிறகு வரப்போகும் பணத்தைவிட இன்றைய பணம் அவருக்கு உசத்தி என்றுதான் சொல்கிறார். அந்தத் தள்ளுதான் தள்ளுபடி வீதத்தின் ஆதாரம்.

வட்டியை மட்டும் கவனியுங்கள். "நூத்துக்கு மூணு வட்டி" என்றால் மாதத்துக்கு. வருடத்துக்கு 36 என்று நினைப்போம். வட்டிக்கு வட்டி போட்டால் 42.6 சதவீதம் வரும். வங்கி சொல்வது வருட வட்டி. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பின்னால் வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைப்பதுதான் தள்ளுபடி. எந்த வீதத்தில் தள்ளுபடி செய்வது? கம்பெனிப் பணம் எங்கிருந்து வருகிறதோ அதன் சராசரி விலையில். கடனுக்கு 11 சதவீதம் வட்டி. புதிய 22 சதவீத வரித் திட்டத்தில் இருக்கும் கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் சேர்த்து வரி 25.168 சதவீதம், வட்டி வரியைக் குறைப்பதால் கடனின் உண்மை விலை 8.23 சதவீதம்தான். முதலாளியின் சொந்தப் பணத்துக்கு 16 சதவீதம் என்று வைத்தோம். பாதிக்குப் பாதி என்றால் சராசரி 12. உங்களுடையது பார்ட்னர்ஷிப் என்றால் இந்த 22 சதவீதம் பொருந்தாது.

இப்போது ஒரு மெஷின். பிளாஸ்மா கட்டிங் மெஷின் 20 லட்சம், ஐந்து வருடம் வருடத்துக்கு 6 லட்சம் மிச்சப்படுத்தும் என்றார் விற்பனைக்காரர். "மூணேகால் வருஷத்துல போட்ட காசு வந்துடும் சார்" என்றார். கொஞ்சம் கூடுதல், மூன்று வருடம் நான்கு மாதம். வருடம் ஒரு ரூபாய் வீதம் ஐந்து வருடம் வந்தால் 12 சதவீதத்தில் அதன் இன்றைய மதிப்பு 3.6048, அட்டவணையில் இதைக் காரணி என்பார்கள். ஆறால் பெருக்கினால் 21.63 லட்சம். 20-ஐக் கழித்தால் 1.63 லட்சம் லாபம். வாங்கலாம் போலிருக்கிறது. ஆனால் அந்த மெஷினுக்குத் தீனி போட எப்போதும் 2 லட்சத்துக்குக் கூடுதல் ஷீட் இருப்பு வேண்டும் என்றார் ஷாப் ஃப்ளோர் சூப்பர்வைசர். அந்த 2 லட்சம் ஐந்து வருடம் கழித்துத் திரும்பும்போது இன்றைய மதிப்பில் 1.13 லட்சம்தான். லாபம் 76,000-ஆகச் சுருங்கியது. 16 சதவீதத்தில் போட்டால் இருப்பைச் சேர்க்காமலேயே 35,000 நஷ்டம். விற்பனைக்காரர் தாளில் இருப்பும் இல்லை, வட்டியும் இல்லை.

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு பொறி. என்பிவி (நிகர நிகழ்கால மதிப்பு) என்ற ஃபார்முலா, நீங்கள் தரும் முதல் தொகையே ஒரு வருடம் கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். இன்றைக்குக் கொடுக்கும் 20 லட்சத்தையும் அதற்குள் போட்டால் 1.63-க்குப் பதில் 1.45 என்று காட்டும். அதை வெளியே வைத்துக் கழியுங்கள். நான் கையால் போட்ட கணக்கோடு ஒத்துவராததால்தான் கண்டுபிடித்தேன். முதல் பத்துக் கணக்கை நோட்டில் போடச் சொல்வது இதனால்தான்.

6. சான்றிதழ் வேண்டுமென்றால் என்பிடெல்

ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்கள் ஸ்வயம் தளத்தில் இருக்கின்றன. நிதி நிர்வாகம் பற்றிய பாடங்கள் ஜனவரி, ஜூலைப் பருவங்களில் வரும். சேர்வதும் படிப்பதும் இலவசம். தேர்வுக்கு மட்டும் கட்டணம், அதுவும் நான் கொடுத்த 38,000-க்குப் பக்கத்தில்கூட வராது.

பாடத்தில் சேர்ந்தாலே தேர்வுக்குப் பதிவாகிவிட்டது என்று நினைத்து என் தோழி ஒரு பருவத்தையே விட்டாள். தேர்வுப் பதிவு தனி, அதற்குத் தனிக் கடைசித் தேதி. பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே போடுங்கள். தேர்வுக்கு ஹால் டிக்கெட்டோடு அசல் அடையாள அட்டையும் கொண்டுபோக வேண்டும், நேரில்தான் எழுத வேண்டும். வாராந்திர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. அசைன்மென்டில் 25-க்கு 10-ம், தேர்வில் 75-க்கு 30-ம் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். 12 வாரப் பாடத்தில் சிறந்த எட்டு அசைன்மென்டைத்தான் எடுப்பார்கள், அதனால் ஆடிட் நெருக்கடியில் ஒன்றிரண்டு விட்டாலும் குடி முழுகாது.

வீட்டில் சத்தம் என்றால் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது, மிகக் குறைந்த கட்டணத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

7. வங்கிக்குப் போகும் கோப்பு

கற்றதைச் சோதிக்க நல்ல இடம் உங்கள் கம்பெனியின் சிசி லிமிட் (அன்றாடத் தொழிலுக்கு வங்கி தரும் கடன் வரம்பு) புதுப்பிப்பு. கேட்டு வாங்கி நீங்களே கோப்பைத் தயார் செய்யுங்கள்: மூன்று வருட ஆடிட் கணக்கு, 12 மாத பேங்க் ஸ்டேட்மென்ட், 12 மாத ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி ரிட்டர்ன்), உத்யம் சான்று, வயது வாரியாகப் பிரித்த பாக்கிப் பட்டியல், ஸ்டாக் ஸ்டேட்மென்ட், சிஎம்ஏ டேட்டா (போன வருடங்களின் கணக்கையும் வரும் வருடங்களின் மதிப்பீட்டையும் வங்கிக்காகப் போடும் படிவம்). ஜிஎஸ்டியில் காட்டிய விற்பனையும் ஆடிட் விற்பனையும் ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்துக்கு ஒரு விளக்கத் தாளை முன்கூட்டியே வையுங்கள். நாங்கள் வைக்காததால் 19 நாள் தள்ளிப்போனது.

சிறு தொழில்களுக்கு ஐந்து கோடி வரையான லிமிட்டை எதிர்பார்க்கும் விற்பனையில் குறைந்தது 20 சதவீதம் என்ற கணக்கில் வங்கிகள் பார்க்கும். எங்கள் 3.65 கோடிக்கு 73 லட்சம். ஆனால் மேலே போட்ட கணக்கில் தொழிலில் மாட்டியிருந்தது 75-ம் 24-ம் கூட்டி 16 கழித்து 83 லட்சம். மீதி 10 லட்சம் முதலாளி பையிலிருந்துதான். நடப்பு விகிதம் 1.33-க்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கடன் கட்டும் திறன் என்ற விகிதத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். நகை போன அந்த வருடத்தில் லாபம் 22, தேய்மானம் 6, மெஷின் கடன் வட்டி 3 எல்லாம் கூட்டி, வட்டியும் அசலுமான 10-ஆல் வகுத்தால் 3.1 என்று அழகாக வந்தது, கட்ட வேண்டியதைப் போல மூன்று மடங்கு இருப்பதாக.

லிமிட் 73 லட்சம் கிடைத்தாலும் அவ்வளவையும் எடுக்க முடியாது. மாதாமாதம் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் பணம் கொடுத்த சரக்கையும் 90 நாளுக்கு உட்பட்ட பாக்கியையும் மட்டும் எடுத்து, மார்ஜின் (நாம் போட வேண்டிய பங்கு) கழித்து மிச்சத்துக்குத்தான் விடுவார்கள். அதை டிராயிங் பவர் என்பார்கள். 90 நாளைத் தாண்டிய இன்வாய்ஸ் வங்கியைப் பொறுத்தவரை வெறும் காகிதம். அதனால் ஒவ்வொரு மாதமும் 25-ம் தேதி பாக்கிப் பட்டியலைத் திறந்து, 75 நாளைத் தாண்டியவர்களுக்கெல்லாம் அன்றைக்கே போன் போடுகிறேன். ஸ்டேட்மென்ட் 5-ம் தேதி வங்கிக்குப் போய்விடும், அக்னாலட்ஜ்மென்ட் நகல் கோப்பில்.